குளிக்கக் கூடாத சவுக்காரம்

என் மகள் வீட்டுக் குளியலறையில் பதினொரு சவுக்காரம் இருக்கிறது. குளிப்பதற்கு ஒன்றுகூட இல்லை.

ரோஜாப்பூ மாதிரி ஒன்று, கப் கேக் மாதிரி ஒன்று, கள்ளிச்செடித் தொட்டி மாதிரி ஒன்று, உள்ளே காய்ந்த பூவிதழ் தெரிகிற கண்ணாடிக் கட்டி மாதிரி ஒன்று. எல்லாம் அவளே வீட்டில் செய்தது. போன சனிக்கிழமை தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே போனவள், வேறு வழியில்லாமல் அந்த ரோஜாப்பூவைக் கையில் எடுத்தேன். "அம்மா! அது டிஸ்பிளே லா!" என்று வெளியிலிருந்து ஒரு கத்தல். கதவு சாத்தியிருந்தது. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கடைசியில் சமையலறையிலிருந்து பாத்திரம் கழுவுகிற திரவத்தைக் கொண்டுவரச் சொல்லித் தலை முழுகினேன். எண்ணெய் போயிற்று, கூடவே என் மானமும் போயிற்று.

வாரம் முழுக்க எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் வேலை செய்கிறாள். போகும்போது இரண்டு மணி நேரம், வரும்போது இரண்டு மணி நேரம் நெரிசலில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமையாவது படுத்துத் தூங்கக்கூடாதா? தராசையும் கிண்ணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு சவுக்காரம் காய்ச்ச உட்கார்ந்துவிடுகிறாள். கேட்டால், "ஸ்ட்ரெஸ் போகுதும்மா" என்கிறாள். நம் வயதுக்காரர்களே, நீங்களே சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு ஸ்ட்ரெஸ் என்ற ஒன்று வந்து சேர்ந்ததே சவுக்காரத்தின் வழியாகத்தான். அந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை வரை அவளிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சாஆ ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை விட்டு தெப்ராவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வரிசை வீடு, பின்பக்கம் ஒரு சின்னக் குசினி, அதற்குப் பின்னால் துணி காயப் போடுகிற இடம். அப்பா எண்ணெய் ஏற்றுகிற லோரி ஓட்டினார். அம்மா வீட்டில் இருந்தாள். வீட்டில் இருந்தாள் என்று சொல்வது சுலபம். காலையில் ஆறரைக்குத் தெருமுனையில் எலெக்ட்ரானிக் பேக்டரி பஸ் வந்து நிற்கும்போது அம்மா கேட் அருகில்தான் இருப்பாள். கையில் விளக்குமாறு இருக்கும். பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருப்பாள்.

பஸ்ஸில் ஏறுகிற பெண்களெல்லாம் வெளிர் நீலத்தில் மேல்சட்டை போட்டிருப்பார்கள். நெஞ்சில் படம் ஒட்டிய ஓர் அட்டை குத்தியிருக்கும். அம்மாவின் கண் அந்த அட்டை மேலேயே இருக்கும். தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டியிருக்கிறாள், புல் பிடுங்கியிருக்கிறாள், பத்து வயதிலிருந்து வேலைதான். ஆனால் அவள் படத்தை யாரும் எங்கேயும் ஒட்டியதில்லை. இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது, அம்மாவுக்கு அந்த நீலச் சட்டைதான் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டாள்.

"என்னங்க, பேக்டரிக்கு ஆள் எடுக்கிறாங்களாம். நானும் எழுதிப் போடவா?"

"எதுக்கு இப்ப?"

"முப்பதுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம். எனக்கு இருபத்தொம்போது நடக்குது."

அப்பா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அம்மாவும் பதிலுக்குப் போட்டு, விஷயம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அப்பாவுக்கு அதைவிட மோசமான ஒன்று நடந்தது. அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

"உனக்கு வேலைதானே வேணும்? வீட்டுல இருந்தே செய்யலாமே!" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒரு டின் எண்ணெய், ஒரு பொட்டலம் காஸ்டிக் சோடா, மடித்த காகிதம் ஒன்று, எல்லாவற்றையும் மேசையில் கொண்டுவந்து வைத்தார். எண்ணெய் இறக்குகிற இடத்தில் ஒரு சீனக் கிழவர் முன்பு சவுக்காரம் காய்ச்சியவராம். எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு சோடா என்று எழுதிக் கொடுத்திருந்தார். "சோடாவை எடுத்துத் தண்ணியில போடணும். தண்ணியை எடுத்து சோடாவுல ஊத்திடாத, வெடிச்சிடும்" என்று அப்பா அம்மாவுக்குப் பாடம் எடுத்தார். அவர் ஜென்மத்தில் ஒரு கோப்பி கலக்கியதில்லை.

அம்மா அந்த டின்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதை அப்பா சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

முதல் முறை அகார் அகார் ஊற்றுகிற அலுமினியத் தட்டில் ஊற்றினோம். வீட்டில் அழகாக எதையாவது உறைய வைப்பது என்றால் அதுதானே நமக்குத் தெரிந்த தட்டு! ஊற்றிய ஐந்தாவது நிமிடம் தட்டு சீறியது, நுரைத்தது, கறுத்தது. மறுநாள் பார்த்தால் தட்டின் அடியில் பொத்தல். அடுத்த முறை பிளாஸ்டிக் அச்சு வாங்கி வந்தார் அப்பா, மீன், முயல், பூ என்று. அம்மா பலகாரத்துக்குப் போடுகிற சங்குப்பூவைப் பிழிந்து நீல நிறம் சேர்த்தாள். சோடா பட்டதும் நீலம் பச்சையாகி, பச்சை சேற்று நிறமாகி, இருபது முயலும் சாக்கடையில் விழுந்து எழுந்து வந்தது போல நின்றன. நான் சிரித்துவிட்டேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஆனால் மஞ்சள் அவளைக் கைவிடவில்லை. சுண்ணாம்பு பட்டால் ஆரத்தி சிவக்கிறதில்லையா, அதே மாதிரி சோடா பட்டு மஞ்சள் சிவந்தது. காயக் காய ஒரு வெளிர் ரோஜா நிறம் வந்து நின்றது. பாண்டான் இலைச் சாற்றில் பச்சை வந்தது. மூன்றாவது மாதம் அம்மாவின் சவுக்காரம் பார்ப்பவர் கண்ணைப் பறித்தது. மெலிந்த கத்தியால் ஓரம் சீவி, மீனின் செதில்களைத் தனித்தனியாகச் செதுக்கி, பூவுக்கு நரம்பு கீறி வைப்பாள். அப்பா கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருந்த பீங்கான் கோப்பைகளை எல்லாம் எடுத்துவிட்டு அங்கே சவுக்காரத்தை அடுக்கினார். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டினார். "எல்லாம் வீட்டுல செஞ்சது. என் சம்சாரம்!" என்பார். நாங்கள் என்னவோ துணி துவைக்கிற கட்டியால்தான் குளித்துக்கொண்டிருந்தோம். அலமாரிச் சவுக்காரத்தில் ஒன்றைத் தொட்டால் அப்பா லோரி ஓட்டிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்தே தும்முவார் என்று அம்மா சொல்வாள்.

இனிமேல்தான் வினை.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம். அந்த வீட்டம்மாவை நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுவோம். அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள், வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை முடிகிற வாரம். அவர்கள் கல்யாணத்தில் வருகிறவர்களுக்கு அவித்த முட்டையைக் காகிதப் பூவில் செருகிக் கொடுப்பது வழக்கம். மாக்சிக் எங்கள் அலமாரிக்கு முன்னால் நின்று, "அலாமாக், எவ்வளவு அழகு! முட்டைக்குப் பதிலா இதைக் கொடுத்தா எப்படி இருக்கும்!" என்று மலாயில் சொன்னார். சும்மா சொன்னாரோ, உண்மையாகவே கேட்டாரோ, அந்த மனுஷிக்கே தெரியாது. அப்பா முந்திக்கொண்டார்.

"போலே, மாக்சிக், முடியும்! ஏன் முடியாது? முந்நூறு வேணும்னாலும் போலே!"

குசினியில் இருந்த அம்மாவுக்கு இது கேட்டது. கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்தாள்.

அந்த வாரம்தான் பேக்டரியிலிருந்து கடிதமும் வந்தது. அம்மா யாரிடமும் சொல்லாமல் பஸ்ஸில் போகிற ஒருத்தியிடம் விண்ணப்பம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். விடுமுறையின் இரண்டாம் திங்கட்கிழமை நேர்காணல். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் வீடு இரண்டாகிவிட்டது.

"முந்நூறுன்னு சொன்னீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வாய் விட்டுட்டேன். பக்கத்து வீடு, நல்ல காரியம். இப்ப போயி முடியாதுன்னு சொல்லவா?"

"சவுக்காரம் ஒரு மாசம் காயணும். இப்பவே காய்ச்சினாத்தான் உண்டு. எனக்கு இன்டர்வியூ இருக்கு."

அப்பா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சரி, இதை முடிச்சுக் குடுத்துடு. அப்புறம் பேக்டரிக்குப் போ. நான் வேணாங்கல" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய மனது. அம்மாவும் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் முந்நூறு மீன், முயல், பூ. அதை முடித்தால் படம் ஒட்டிய அட்டை.

அவளுக்கு உதவி என்று ஞாயிற்றுச் சந்தையில் அப்பா ஒரு சோடி மஞ்சள் ரப்பர் கையுறை வாங்கி வந்தார். அதைப் பின்வாசல் ஆணியில் மாட்டி வைத்திருப்பாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் தள்ளிக்கொண்டே போவதில் என் மேல் எனக்கே எரிச்சலாக வருகிறது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் மாடு வைத்திருந்த பால்காரர் ஒருவர் இருந்தார். அவர் பால் கறப்பதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கும் மாக்சிக்கின் கடைக்குட்டிக்கும் வேலை. ஒரு நாள் மத்தியானம் அம்மா அசந்து தூங்குகையில், அந்தக் கையுறைகளை எடுத்துத் தண்ணீர் நிரப்பி, வாயை ரப்பர் பேண்டால் கட்டி, துணிக்கொடியில் தொங்கவிட்டோம். ஆளுக்கு ஒரு மாடு. அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ஊசி எடுத்து விரல் நுனிகளில் குத்தினேன். பசுவுக்கு நாலு காம்புதான், ஐந்து கிடையாது என்று கடைக்குட்டிக்குச் சொல்லி, கட்டைவிரலை நூலால் மடக்கிக் கட்டியும் விட்டேன். அப்படி ஒரு கறாரான ஆள் நான்! பால்டின் நிறையக் கறந்தோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் தண்ணீரைக் கொட்டி, நூலை அவிழ்த்து, துடைத்து, ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஊசி ஓட்டை கண்ணுக்குத் தெரியவே இல்லை.

அடுத்த ஐந்து நாளும் அம்மா அந்தக் கையுறையோடுதான் வேலை செய்தாள். அச்சுகளையும் வாளிகளையும் கழுவும்போது சோடாத் தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே போயிருக்கிறது. ஈரத்தை வியர்வை என்று நினைத்திருக்கிறாள். தெப்ராவ் வெயிலில், தகரக்கூரைக் குசினியில், யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? ஆரம்பத்தில் வழவழவென்று இருந்ததாம், வலியே இல்லையாம். சனிக்கிழமை சாயந்திரம் முந்நூறாவது சவுக்காரத்தை ஊற்றி முடித்துக் கையுறையைக் கழற்றியபோது விரல் நுனித் தோல் வெந்து வெளுத்துப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அது உரிந்தது.

தேங்காயெண்ணெய் போட்டாள். மாக்சிக் கற்றாழை கொண்டுவந்து தடவினார். திங்கட்கிழமை காலையில் புது ரவிக்கை போட்டு, கையில் பவுடர் பூசிக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் என் கையைப் பிடிக்கவில்லை. "ஒட்டி உட்காரு" என்று மட்டும் சொன்னாள்.

பேக்டரியில் ஒரு நீள மேசை. முதலில் கண் பார்த்தார்கள். சின்ன எழுத்தை அம்மா தடுமாறாமல் வாசித்தாள். அப்புறம் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண், கையை நீட்டச் சொன்னாள். நான் சுவரோர பெஞ்சில் இருந்தேன். அம்மா உள்ளங்கை மேலே வருகிற மாதிரிதான் முதலில் நீட்டினாள், விரல்களை மடக்கி. அந்தப் பெண் தன் பேனாவால் ஒவ்வொரு விரலாக நிமிர்த்திப் பார்த்தாள்.

"முடி மாதிரி கம்பியைப் பிடிக்கணும்," என்று மலாயில் சொன்னாள், பொறுமையாகத்தான் சொன்னாள். "இந்த விரலோட எப்படிப் பிடிப்பீங்க? ஆறின பிறகு வாங்க."

ஆறுவதற்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. அதற்குள் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். அடுத்த முறை எடுத்தபோது அம்மாவுக்கு முப்பது முடிந்துவிட்டது.

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. பனைஓலைத் தட்டில் ரோஜா நிற மீனும் பச்சை முயலும் ஜரிகைக் காகிதம் சுற்றி அடுக்கியிருந்தன. வந்தவர்கள் எல்லாம் முகர்ந்து பார்த்தார்கள், யார் செய்தது என்று கேட்டார்கள். அப்பா மாப்பிள்ளைக்குத் தகப்பன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அம்மா முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்தச் சவுக்காரங்களை எல்லாம் எடுத்துக் கிணற்றில் போட வேண்டும் போல இருந்தது. கிணறும் இல்லை, தைரியமும் இல்லை.

வீட்டுக்கு வந்துதான் வெடித்தாள்.

"ஒரு கிளவுஸ் வாங்கத் துப்பு இல்ல! மலிவு மலிவுன்னு சந்தையில போயி எதையாவது பொறுக்கிட்டு வந்தா இப்படித்தான். என் கை போச்சு!"

நான் அறை வாசலில் நின்றேன். "அது நான்தான்" என்று இரண்டு சொல். ஒன்பது வயதுக்காரியால் சொல்ல முடியாத சொற்களா அவை? அடி விழும் என்று பயந்தேன் என்று சொல்லலாம். உண்மை அதுகூட இல்லை. வேறு யாரோ ஏற்கெனவே திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள், அது எனக்கு வசதியாக இருந்தது.

கேளுங்கள், அதோடு முடிந்ததா? அடுத்த தீபாவளிக்கு அப்பா அம்மாவுக்குச் சேலையோடு ஒரு சோடி கையுறை வாங்கினார். கடையிலேயே உயர்ந்த கையுறை. அதற்கடுத்த தீபாவளிக்கும் வாங்கினார். சவுக்காரம் காய்ச்சுவதை அம்மா அந்த வருடத்தோடு விட்டுவிட்டாள், பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ நூடுல்ஸ் பிரட்டப் போனாள். ஆனாலும் வருடா வருடம் சேலை மேல் ஒரு கையுறை. கடைசித் தீபாவளி வரை வாங்கினார். நான் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பெரியவளாகி, அப்பா படுக்கையில் விழுந்து போய்ச் சேருகிற வரைக்கும், மலிவுக் கையுறை வாங்கிப் பெண்டாட்டியின் வேலையைக் கெடுத்தவன் தான்தான் என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் எனக்கு என் மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. என்னோடுதான் இருக்கிறாள், அன்றைக்கு மகள் வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். மகள் சவுக்காரக் கடையைப் பரப்பிவிட்டாள். பாண்டான் சாறு, மஞ்சள், சிலிக்கான் அச்சு. "அம்மா, நீங்களும் கலக்குங்க, ஜாலியா இருக்கும்" என்று என்னிடம் ஒரு சோடி கையுறையை நீட்டினாள். எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. "எனக்கு வேண்டாம் தாயே, ஆளை விடு" என்றேன்.

அம்மா எழுந்து வந்து அதை வாங்கினாள். குழாயடிக்குக் கொண்டுபோய் ஒரு கையுறையில் தண்ணீர் பிடித்தாள். வாயை இடது கையால் முறுக்கிக்கொண்டு, வலது கையால் விரல் விரலாக அழுத்திப் பார்த்தாள். புதுக் கையுறை எது வந்தாலும் அம்மா இப்படிச் செய்வாள். அப்பா வாங்கிக் கொடுத்த ஒவ்வொன்றையும் இப்படித்தான் பார்ப்பாள். ஆயிரம் முறை பார்த்த காட்சி. அன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாலு விரலை அழுத்தினாள். கட்டைவிரலைத் தொடவில்லை. அடுத்த கையுறையிலும் அதே நாலு.

"கட்டைவிரலை ஏம்மா பார்க்கல?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"அதுல ஓட்டை இருக்காது," என்றாள் அம்மா, தண்ணீரைக் கொட்டிக்கொண்டே. "பசுவுக்கு நாலு காம்புதானே."

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"கை உரிஞ்ச அன்னைக்கே. வாளித் தண்ணியில முக்கிப் பார்த்தேன். ரெண்டு கையிலயும் நாலு நாலு ஓட்டை, வரிசையா. கடைக்காரனா ஊசி வச்சுக் குத்தியிருப்பான்? கொடியில ரப்பர் பேண்டு வேற தொங்கிச்சு, நீங்க ரெண்டு பேரும் எந்நேரமும் பால்காரர் மாட்டுக்கிட்டதானே நிப்பீங்க."

"அப்புறம் ஏம்மா அப்பாவைத் திட்டினீங்க? சாகிற வரைக்கும் கிளவுஸ் வாங்கிக்கிட்டே இருந்தாரே, பாவம்!"

"கிளவுஸுக்காகவா திட்டினேன்? என்னைக் கேக்காம முந்நூறுன்னு வாக்குக் குடுத்தாரே, அதுக்குத் திட்டினேன். அதைச் சொன்னா உங்கப்பாவுக்கு விளங்காது. கிளவுஸ்னா விளங்கும்."

பாருங்கள், எப்படி இருக்கிறது! நாற்பத்தொன்பது வருடம் நான் ஒருத்தி இதை வயிற்றில் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் கையுறையைப் பார்த்துச் சோறு இறங்காமல் எழுந்திருக்கிறேன். இந்த அம்மா எல்லாம் தெரிந்துகொண்டு எதிரே உட்கார்ந்து முறுக்கு தின்றிருக்கிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நாலு அடி வச்சிருக்கலாம்ல?" என்று கத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"எத்தனை வருஷமா?"

அம்மா கையுறையை உதறினாள். மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான்தான்மா," என்றேன். "மாடு விளையாடினோம். நான்தான் குத்தினேன்."

"ம்," என்றாள் அம்மா. முந்தானையால் கையுறையின் உள்ளேயும் வெளியேயும் துடைத்தாள். "ஒழுகல. கையை நீட்டு."

நீட்டினேன். ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டு எனக்குப் போட்டுவிட்டாள்.